ஹோம்வொர்க் கேள்விகளை மூடுபவர்களே, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு கேள்வி இருக்கிறதா?

மாறிலி, ஹலசூர்

பெங்களூரில் இருந்துகொண்டு இந்தத் துறைசார் கேள்வி-பதில் தளங்களில் ராத்திரி ரிவ்யூ வரிசை (மூடலாமா, திறக்கலாமா என்று ஓட்டுக்கு நிற்கும் கேள்விகளின் வரிசை) பார்க்கிற தமிழ் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் விளக்கமெல்லாம் வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இயற்பியல் பிரிவு. ஒரு நோட்டுப் பக்கத்தின் போட்டோ. மேலே அச்சில் ஒரு கணக்கு: சாய்தளத்தில் திண்மக் கோளம் வழுக்காமல் உருளுகிறது, முடுக்கம் என்ன. கேள்வி கேட்டவர் தட்டச்சு செய்திருந்தது ஒரே வரி, "ப்ளீஸ் சால்வ்". நான் பார்ப்பதற்கு முன்பே மூடிவிட்டார்கள், அதாவது இனி யாரும் பதில் எழுத முடியாது. விதிப்படி சரிதான். குறிப்பிட்ட ஒரு கருத்தைக் கேட்க வேண்டும், தானே கொஞ்சம் முயன்றதைக் காட்ட வேண்டும். இது இரண்டும் அதில் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்க ஓரத்தில், பென்சிலில், பொடி எழுத்தில், தமிழில்: "உராய்வு வேலையே செய்யலைன்னா உருள வைக்கிறது யாரு?"

இதுதானே கேள்வி! இதைவிடக் குறிப்பான கேள்வியை வகுப்பில் எத்தனை பேர் கேட்பார்கள்? தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது, அதனால் நிலை உராய்வு மொத்தத்தில் வேலை செய்வதில்லை. ஆனால் சுழல வைக்கும் திருப்புவிசை அதிலிருந்துதான் வருகிறது. ஆற்றலைத் தருவது புவியீர்ப்பு. உராய்வு அதில் ஒரு பங்கைச் சுழற்சிக்கு மாற்றிவிடுகிறது. திண்மக் கோளத்துக்கு ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போகும், அதனால்தான் முடுக்கம் வழுக்கி இறங்குவதைப் போல ஏழில் ஐந்து பங்குதான். கணக்கின் விடையே அந்த ஓரக் குறிப்புக்குள் இருக்கிறது.

மூட ஓட்டுப் போட்டவர்களில் யாருக்கும் தமிழ் தெரிந்திருக்காது. அந்த வரியை ஆங்கிலத்தில் தட்டிக் கேள்விக்குள் சேர்த்தேன். திருத்தியதும் அது மறுதிறப்பு வரிசைக்குப் போனது, திறந்தார்கள், அருமையான பதிலும் வந்தது. கேட்ட பிள்ளைதான் திரும்பி வரவே இல்லை. அந்தப் பிள்ளையின் பயனர் பக்கத்தில் 'கடைசியாகப் பார்த்தது' என்ற இடத்தில் கேள்வி மூடப்பட்ட தேதிதான் இன்னும் நிற்கிறது.

வாசு, கே.ஆர். புரம்

நான் நிரல் எழுதும் பக்கம். நிரல் கேள்விகளுக்கான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒரு காலத்தில் 'ஹோம்வொர்க்' என்றே ஒரு டேக் (கேள்வி எதைப் பற்றியது என்று காட்டும் அடையாளச் சொல்) இருந்தது. 2012-இல் அதை எடுத்துவிட்டார்கள். கேள்வி நல்லதா கெட்டதா என்று பார், வாத்தியார் கொடுத்ததா என்று பார்க்காதே என்பதுதான் அதற்கான நியாயம். எனக்கு அது முழுச் சம்மதம்.

ஒருநாள் சாயங்காலம் ஒரே கேள்வி வெவ்வேறு பயனர் கணக்குகளிலிருந்து வரிசையாக வந்தது. லிங்க்டு லிஸ்ட்டை (ஒவ்வொரு பெட்டியும் அடுத்ததைச் சுட்டும் தரவுச் சங்கிலி) திருப்பிப் போட வேண்டும், ஃபங்ஷன் பெயர் எல்லாவற்றிலும் ஒன்று, அதில் ஒரே எழுத்துப்பிழை. கேள்வியின் டேக்கில் நிறைய நல்ல பதில் எழுதியதற்கான தங்கப் பதக்கம் இருந்தால் டூப்ளிகேட் என்று தனி ஆளாகவே மூடலாம். முதல் கேள்வியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அதனுடன் இணைத்து மூடிக்கொண்டே வந்தேன்.

அப்போது முதல் கேள்வியின் கீழே புதிதாக ஒருவர் வந்து எழுதினார். இது என் மாணவர்களுக்கு நான் கொடுத்த லேப் வேலை, பெயரில் உள்ள பிழை நானே வைத்தது, யார் எங்கே போய்க் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள. இங்கேதான், பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரி. கேள்வியை அழித்துவிட முடியுமா என்று கேட்டார். அப்படி அழிப்பதில்லை, கல்லூரி ஒழுங்கைப் பார்ப்பது தளத்தின் வேலை இல்லை என்று மாடரேட்டர் பணிவாகச் சொன்னார்.

கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. ஒரு பதில் எழுதினார். அதில் கோட் ஒரு வரிகூட இல்லை. தாளில் மூன்று பெட்டி வரை, அம்புக்குறிகளைப் போடு, நடுப்பெட்டியின் அம்பைத் திருப்பினால் மூன்றாவது பெட்டிக்கு வழி எங்கே போனது, அதைத் தொலைக்காமல் இருக்க எத்தனை விரல் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதன் கீழே, கேள்வி கேட்ட கணக்கிலிருந்து ஒரே சொல் வந்தது: "சார்?"

அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. லிங்க்டு லிஸ்ட் என்று எங்கே பார்த்தாலும் அவர் ஞாபகம் வருகிறது.

ஆதிரை, கோரமங்களா

மாறிலி, உங்கள் கதை மனசைத் தொட்டது. ஆனாலும் போட்டோ கேள்விகளை மூடுவதை நான் ஆதரிக்கிறேன், அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். என் வேலையே அணுகல்தன்மைச் சோதனை, மாற்றுத்திறனாளிகளும் ஒரு தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்ப்பது. எங்கள் குழுவில் பார்வையில்லாத ஒருவர் இருக்கிறார். புள்ளியியலில் அவர் எழுதுகிற பதில்களைப் படித்துத்தான் நான் பாதி கற்றுக்கொண்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரைவாசிப்பான் ஓடுவதைக் கேட்டிருக்கிறேன். தலைப்பைப் படித்தது, டேக்கைப் படித்தது, கேள்வி இருக்க வேண்டிய இடத்தில் "இமேஜ்" என்றது. அவ்வளவுதான், அடுத்ததற்குப் போய்விட்டது. "இதுல ஏதோ இருக்கு, ஆனா எனக்கு இல்ல" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

நோட்டைப் படமெடுத்துப் போட அரை நிமிஷம். தட்டச்சு செய்ய நேரமாகும்தான். ஆனால் தட்டும்போதே பாதிப் பேருக்குத் தாங்கள் எங்கே சிக்கிக்கொண்டோம் என்று தெரிந்துவிடும். படத்திலுள்ள சமன்பாட்டைத் தேடலிலும் பிடிக்க முடியாது, நாளைக்கு அதே சந்தேகம் வருகிறவருக்கு அது இல்லாததற்குச் சமம்.

ராமமூர்த்தி, ஜெயநகர்

முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பி.யு. கல்லூரியில் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தளங்களில் பதில் எழுதியதில்லை, பேத்தி காட்டினாள் என்று படிக்கிறேன். என் அனுபவம் சின்னது. பேத்தி ஒரு கேள்வி போட்டாள், அது மூடப்பட்டது, அழுதாள். மூடியதற்காக இல்லை, அடியில் ஒருவர் "இது கேள்வியே இல்லை" என்று எழுதியதற்காக. மூடுங்கள் அம்மா, மூடுங்கள் தம்பி, ஆனால் அந்த வாக்கியம் வேண்டாம்.

இனி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கொஞ்சம் பாருங்கள். கர்நாடகத்தில் பொறியியல் முதலான படிப்புகளுக்கான கேசிஇடி நுழைவுத் தேர்வில் இயற்பியலுக்கு 60 கேள்விகள், 80 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு 80 வினாடி. தவறான விடைக்கு மைனஸ் மதிப்பெண்ணும் கிடையாது, அதனால் தெரியாததையும் குறித்துவிட்டு வா என்றுதான் பயிற்சி மையங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டு வருஷம் அப்படியே பழகிய பிள்ளைக்கு "எனக்கு இது புரியவில்லை" என்று நின்று சொல்லும் பழக்கமே போய்விடுகிறது. "நீ என்ன முயன்றாய்" என்று நீங்கள் கேட்டால் அவனுக்கு அது திட்டாகத்தான் கேட்கும். அதற்குப் பதில், "எந்த வரி வரை உனக்குப் புரிந்தது" என்று கேளுங்கள். அதற்கு எந்தப் பிள்ளையும் பதில் சொல்லும்.

இரண்டாவது, முழு விடையைத் தராதீர்கள். விசைப் படம் வரையச் சொல்லுங்கள். என் வகுப்பில் விசைப் படத்தை ஒழுங்காக வரைந்த பிள்ளை கணக்கில் பெரிதாகத் தப்பு செய்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது, எண்களை மாற்றி அதே மாதிரி இன்னொரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், அவன் கணக்கை அவனே முடிக்கட்டும். நான்காவது, அலகைப் பாருங்கள். முடுக்கம் கேட்ட இடத்தில் அவன் விடைக்கு வேகத்தின் அலகு வந்தால் அதை மட்டும் சுட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள், அவனே திரும்பிப் போய்த் தேடுவான். ஐந்தாவது, வாசு தம்பி சொன்ன அந்த ஆசிரியரை எல்லா ஆசிரியர்களும் பார்க்க வேண்டும். பொறி வைத்தார், பிடித்தார், பிடித்த இடத்திலேயே பாடமும் நடத்தினார்.

கௌசல்யா, மாரத்தஹள்ளி

ராமமூர்த்தி சார், நான் இவர்கள் எல்லோருக்கும் எதிர்ப்பக்கம், கேள்வி கேட்டவள். "நீ என்ன முயன்றாய்" எனக்கும் திட்டாகத்தான் கேட்டது.

பையன் ஏழாம் வகுப்பு. பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்று கேட்டான். எனக்கு வழிதான் தெரியும், காரணம் தெரியாது. ஆபீஸ் பஸ்ஸில் அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் உட்கார்ந்தபடியே ஒரு கணிதத் தளத்தில் கேட்டேன். சில்க் போர்டு வருவதற்குள் "சூழல் போதாது" என்று மூடியாயிற்று. இதில் என்ன சூழல் வேண்டியிருக்கிறது என்று எரிச்சலாக வந்தது.

அப்புறம் ஒருவர் கமென்டில் எழுதினார். இந்தக் கேள்வியைக் கல்லூரி மாணவர் கேட்டால் பெருக்கல் தலைகீழி என்பதற்கான வரையறையிலிருந்து தொடங்குவேன், சின்னப் பிள்ளைக்கு என்றால் வேறு எங்கேயோ தொடங்குவேன், யாருக்காகக் கேட்கிறீர்கள்? அதைப் படித்ததும் எரிச்சல் போய்விட்டது. பையன் ஏழாவது, வகுத்தல் என்றால் பங்கு போடுவது என்று மட்டுமே அவனுக்குத் தெரியும் என்று ஒரு வரி சேர்த்தேன். திறந்துவிட்டார்கள்.

வந்த பதில்: பங்கு போடுவதை விடச் சொல்லுங்கள், 'எத்தனை தடவை' என்று கேட்கச் சொல்லுங்கள். 3 லிட்டர் பாலில் கால் லிட்டர் டம்ளர் எத்தனை? ஒரு லிட்டருக்கு 4, மூன்று லிட்டருக்கு 12. முக்கால் லிட்டர் ஜாடி என்றால்? அது மூன்று டம்ளர் அளவு, அதனால் 12-ஐ 3-ஆல் வகுக்க வேண்டும், 4 ஜாடி. நாலால் பெருக்கி மூன்றால் வகுத்தாயிற்று, பின்னம் தானாகவே தலைகீழாகிவிட்டது. பையன் சமையல்கட்டில் டம்ளர்களைப் பரப்பிவிட்டான்.

அரைக்கடத்தி, எலெக்ட்ரானிக் சிட்டி

சார் சொன்ன குறிப்பு கொடுக்கும் முறையை நானும் வருஷக்கணக்கில் செய்தேன். இப்போது அது எடுபடுவதில்லை, மன்னிக்கவும். சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் கடைசியில். டிசம்பரிலேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதை வைத்து எழுதிய பதில்களைத் தடை செய்தது. கேள்விகளின் வரத்தும் அதற்குப் பின் குறைந்துகொண்டேதான் போகிறது. விடை மட்டும் வேண்டியவர்கள் அங்கேயே வாங்கிக்கொள்கிறார்கள். நம்மிடம் வருவது "இது சரியா பாருங்கள்" என்பதுதான். "என் முயற்சி" என்ற தலைப்பின் கீழ் இயந்திரம் எழுதியதை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். முயற்சி இருக்கிறதா என்ற நம் பழைய அளவுகோல் அதோடு போயிற்று.

அப்படி ஒன்று. மூடிய இரும்புக் கலத்தில் நைட்ரஜன், சூடாக்குகிறோம், எவ்வளவு வெப்பம்? இரண்டாவது வரியில் உள்ளாற்றல் மாற்றம் என்பது வெப்பம் கழித்தல் வேலை என்று இருந்தது, இயற்பியல் புத்தகத்தில் உள்ளது போல. மூன்றாவது வரியில் கூட்டல் வேலை, வேதியியல் புத்தகத்தில் உள்ளது போல. வேலை யார் செய்தது என்பதைப் பொறுத்து இரண்டும் தனித்தனியே சரிதான், ஒரே கணக்கில் கலக்கக் கூடாது. மூட ஓட்டுப் போடுவதற்கு முன் கேட்டேன்: மூன்றாவது வரியில் குறி ஏன் மாறியது?

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "அது நான் எழுதியதில்லை. நாலாவது வரி மட்டும்தான் என்னுடையது."

நாலாவது வரியைப் பார்த்தேன். அழுத்தம் மாறாதபோது வரும் வெப்ப ஏற்புத்திறனைப் போட்டிருந்தான், இரண்டில் ஏழு ஆர் (ஆர் என்பது வாயு மாறிலி). கலம் விரியாது, வேலையே நடக்காது, பருமன் மாறாதபோது வருகிற இரண்டில் ஐந்து ஆர் அல்லவா வர வேண்டும்? தப்புதான். ஆனால் அந்தப் பக்கம் முழுவதிலும் ஒரு மனுஷன் யோசித்துச் செய்த தப்பு அது ஒன்றுதான். மற்ற வரிகளை அழித்துவிட்டு, அதை மட்டும் வைத்து, "கலம் மூடியிருந்தால் எந்த ஏற்புத்திறன், ஏன்?" என்று கேள்வியை மாற்றச் சொன்னேன். மாற்றினான். யாரும் மூடவில்லை.

ஆதிரை, கோரமங்களா

அரைக்கடத்தி, இதை எல்லாருக்கும் செய்ய முடியாது. வரிசையில் நிற்கிற ஒவ்வொரு கேள்விக்கும் இப்படி விசாரித்துக்கொண்டிருக்க நமக்கு நேரம் எங்கே இருக்கிறது? சம்பளமில்லாத வேலை இது.

அரைக்கடத்தி, எலெக்ட்ரானிக் சிட்டி

எல்லாருக்கும் முடியாதுதான். குறி மாறியிருந்ததால் அன்றைக்குக் கேட்டேன்.

ராமமூர்த்தி, ஜெயநகர்

நாலாவது வரி பையனுக்கு என் ஆசிகள். வாசு தம்பி, பதில் எழுத எனக்கும் ஆசையாக இருக்கிறது. ஏதோ மூவாயிரம் புள்ளி வேண்டுமாமே?

வாசு, கே.ஆர். புரம்

சார், நம் பதிவுகளுக்கு மற்றவர்கள் போடும் ஓட்டால் சேர்வதுதான் புள்ளி. மூவாயிரம் என்பது மூட ஓட்டுப் போடுவதற்கு. அடுத்தவர் கேள்வியின் கீழே கமென்ட் போட வழக்கமாக 50 வேண்டும். பதில் எழுதப் பெரும்பாலும் எதுவும் வேண்டாம், கணக்கு தொடங்கின அன்றைக்கே எழுதலாம். இயற்பியல் பிரிவில் 'ஹோம்வொர்க் அண்ட் எக்சர்சைசஸ்' என்ற டேக்கில் புதிதாக வந்தவற்றைப் பாருங்கள். சமன்பாடு எழுதுவதற்கு மட்டும் கொஞ்சம் பழக வேண்டும், டாலர் குறிகளுக்கு நடுவே போட வேண்டும். பேத்தியிடம் கேளுங்கள், அவளுக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை ஜெயநகர் பக்கம்தான் வருகிறேன், வேண்டுமானால் நேரிலேயே உட்கார்ந்து காட்டுகிறேன்.