அன்னா மே வாங் லோட்டஸ் வேடத்தை மறுத்தாரா, அவரை மறுத்தார்களா?

திரைவாசி:
'மறக்கப்பட்ட முகங்கள்' இழையில் நண்பர் கரிசல்காட்டான் நேற்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "எம்.ஜி.எம். வலிய வந்து கொடுத்த வேடத்தைத் திமிரினால் உதறிவிட்டு, பிறகு வாய்ப்பே இல்லை என்று காலமெல்லாம் புலம்பியவர் அன்னா மே வாங்." அங்கே இதைத் தட்டிக் கேட்பார் எவரும் இல்லை, பாராட்டுத்தான் குவிகிறது. மௌனப்பட நடிகர்களைப் பற்றி இந்தத் தளத்தில் ஆறு ஆண்டுகளாக எழுதிவருகிறவன் என்ற முறையில், அந்த வரியைக் கண்டும் காணாததுபோல் கடந்து செல்ல என்னால் முடியவில்லை.

நடந்தது இதுதான். அமெரிக்க எழுத்தாளர் பெர்ல் பக்கின் நாவலை ஹாலிவுட் நிறுவனமான எம்.ஜி.எம். 'தி குட் எர்த்' என்று படமாக்கியபோது, சீனக் குடியானவன் வாங் லுங்காகப் பால் முனியும் அவன் மனைவி ஓ-லானாக லூயிஸ் ரெய்னரும் நடித்தார்கள், இருவரும் வெள்ளையர்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1905ஆம் ஆண்டு ஒரு சீனச் சலவைக்கடைக்காரரின் மகளாகப் பிறந்து, பதினேழு வயதிலேயே 'தி டோல் ஆஃப் தி சீ' என்ற வண்ணப்படத்தின் நாயகியாகி, பெர்லினிலும் லண்டனிலும் பெயர் வாங்கித் திரும்பியிருந்த அன்னா மே வாங்கை 1935 டிசம்பரில் ஸ்கிரீன் டெஸ்டுக்கு அழைத்தார்கள். அதுவும் ஓ-லானுக்காக அன்று. அந்தக் குடும்பத்தைக் குலைக்க வரும் லோட்டஸ் என்ற இளையாளுக்காக. டெஸ்டைப் பார்த்த படத்தின் இணைத் தயாரிப்பாளர் ஆல்பர்ட் லூயின், வாங் லுங் இவள்மீது பித்தாகிறான் என்பதை நம்பவைக்கும் அளவுக்கு அழகு போதாது என்று குறிப்பு எழுதினார். முடிவில் லோட்டஸாக நடித்தவர் டில்லி லோஷ் என்ற ஆஸ்திரிய நடனக் கலைஞர். இதில் கொடுத்தது எங்கே, உதறியது எங்கே? கொடுக்கப்படாத வேடத்தை எப்படி மறுப்பது?

கரிசல்காட்டான்:
தனி இழையே தொடங்கி என்னைக் கூண்டில் ஏற்றிய திரைவாசி ஐயாவுக்கு வணக்கம். ஆறு ஆண்டுகளாக எழுதுகிறவருக்கு அந்த நடிகையே சொன்னது தெரியாமல் இருக்காது. டெஸ்டுக்கு வருகிறேன், ஆனால் அந்த வேடத்தில் நடிக்க மாட்டேன். ஓ-லானைத் தந்தால் மகிழ்ச்சியோடு நடிப்பேன். அமெரிக்கர்களே சீனர்களாக நடிக்கும் படத்தில், சீன ரத்தம் ஓடும் என்னை மட்டும் பார்ப்பவர்கள் வெறுக்கும் ஒரே வேடத்தை ஏற்கச் சொல்கிறீர்கள் என்பது அவருடைய வாக்குமூலம். "நடிக்க மாட்டேன்" என்பதற்கு உங்கள் அகராதியில் என்ன பொருளோ, எங்கள் ஊரில் அதற்கு மறுத்தல் என்று பெயர்.

இன்னொன்று. லூயினின் குறிப்பைப் பாதியில் நறுக்கிவிட்டீர்கள். அழகு போதாது என்று எழுதிய அதே கையால், ஆயினும் பரிசீலிக்கத் தக்கவர் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்த வால் எங்கே போயிற்று? சென்ற ஆண்டு ஜப்பானிய நடிகர் ஹயகாவாவைப் பற்றிய இழையிலும் இப்படித்தான் உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துப் போட்டீர்கள். நான் மறக்கவில்லை.

மூன்றாம்பிறை:
இருவரும் பொறுத்தருள வேண்டும். "கொடுப்பது" என்றால் ஒப்பந்தத்தை நீட்டுவதா, டெஸ்டுக்கு அழைப்பதா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது.

திரைவாசி:
வால் எங்கும் போகவில்லை. அதில் எடுத்துச் சொல்லும் அளவுக்குச் சரக்கு இல்லாததால் விட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "நிறம் கொஞ்சம் கம்மிதான், ஆனாலும் யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுந்து போய் வேறிடத்தில் தாலி கட்டிக்கொண்டால், அந்தப் பெண் மாப்பிள்ளையை மறுத்துவிட்டாள் என்று உங்கள் ஊரில் சொல்வார்களா? "பரிசீலிக்கத் தக்கவர்" என்பது யோசித்துச் சொல்கிறோம் என்பதன் அலுவலக வடிவம், அவ்வளவே. கொடுக்கப்படாத வேடத்தை எப்படி மறுப்பது என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஹயகாவா இழையைப் பற்றிப் பேச வேண்டுமானால் அங்கே வாருங்கள். அங்கே பதில் சொல்லாமல் பாதியில் எழுந்து போனவர் யார் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அல்லி:
இளையாள் வேடத்தையே பிடித்துத் தொங்கிக்கொண்டு, மூத்தாள் வேடம் ஏன் கிடைக்கவில்லை என்பதை இருவரும் தொடவே இல்லை. ஹாலிவுட் தணிக்கை விதிகளை 1934 முதல் ஜோசஃப் பிரீன் கண்டிப்பாகச் செயல்படுத்தத் தொடங்கிய பிறகு, இனக்கலப்புக் காதலைத் திரையில் காட்டுவது முடியாத காரியமாயிற்று. நாயகன் வெள்ளையர் என்று முடிவானால், முகத்தில் எத்தனை பூச்சுப் பூசி அவரைச் சீனராக்கினாலும், அவருக்கு மனைவியாக உண்மையான சீனப்பெண் நடிக்க இயலாது. திரைக்கு வெளியிலும் இதே கதைதான்: வெள்ளையருக்கும் சீனருக்கும் இடையிலான திருமணத்தைத் தடுத்த கலிஃபோர்னியச் சட்டத்தை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1948இல்தான் செல்லாது என்றது. திமிர் என்ற ஒற்றைச் சொல்லில் இவ்வளவையும் மூடிவிட முடியுமா?

கரிசல்காட்டான்:
அல்லி அம்மணி சட்டப் புத்தகத்தோடு வந்திருக்கிறார். ஆனால் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. தணிக்கை விதியின் வாசகத்தில் தடை செய்யப்பட்டிருந்தது வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவு மட்டுமே. சீனர் என்ற சொல்லே அதில் இல்லை. அது கிடக்கட்டும். ஓ-லான் வாங் லுங்கின் மனைவி என்றால், லோட்டஸ் யார், பக்கத்து வீட்டுக்காரியா? அவளும் அதே பால் முனியின் அந்தப்புரத்துக்குத்தானே வருகிறாள்? விதி மூத்தாளைத் தடுக்குமாம், இளையாளுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்து ஸ்கிரீன் டெஸ்டும் நடத்துமாம். இந்த விந்தையை விளக்கிவிட்டுப் பிறகு எனக்குப் பாடம் நடத்துங்கள்.

அல்லி:
விதியில் எழுதியது ஒன்று, நடைமுறையில் பின்பற்றியது வேறொன்று என்பது சட்டப் புத்தகத்தைத் திறப்பவர்களுக்கு முதல் நாளே புரிந்துவிடும். விந்தையும் ஒன்றுமில்லை. சீனப்பெண் மயக்கலாம், கெடுக்கலாம், சாகலாம். நல்ல மனைவியாக வாழத்தான் கூடாது. 'தி டோல் ஆஃப் தி சீ' படத்தில் அன்னா மே வாங் கடலில் மூழ்கிச் சாகிறார், 1929இல் வந்த 'பிக்காடில்லி' படத்தில் கொலையுண்டு சாகிறார். என் கல்லறையில் ஆயிரம் முறை செத்தவள் என்றுதான் எழுத வேண்டும் என்று அவரே கசப்போடு கேலி செய்திருக்கிறார்.

கரிசல்காட்டான்:
நன்றி. நீங்கள் மேற்கோள் காட்டும் 1922ஆம் ஆண்டுப் படத்தில் அவருடைய பாத்திரத்தின் பெயரே லோட்டஸ் ஃப்ளவர்தான். நாயகியாக்கினால் லோட்டஸ் இனிக்கும், துணை வேடமென்றால் கசக்கும். நான் திமிர் என்றது இதைத்தான்.

திரைவாசி:
பெயர் ஒற்றுமையை வைத்து வாதம் கட்டுவது கரிசலாருக்குப் புதிதன்று. அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்கும், ஐரோப்பாவில் மூன்று ஆண்டுகள் நாயகியாக நடித்து, லண்டன் மேடையில் லாரன்ஸ் ஒலிவியேவுடன் நின்றுவிட்டு, மேடையில் தன் அமெரிக்க உச்சரிப்பைக் கேலி செய்தார்கள் என்பதற்காகத் தனியே ஆசிரியர் வைத்து ஆங்கிலத்தைச் செப்பனிட்டுக்கொண்டு திரும்பிய முப்பது வயதுக் கலைஞருக்கும் வேறுபாடு தெரியாதவரோடு எதைப் பேசுவது? 1931இல் வந்த 'டாட்டர் ஆஃப் தி டிராகன்' படத்தில் படம் முழுக்க வரும் இவருக்கு 6,000 டாலர். சீனராக வேடமிட்ட சுவீடன்காரர் வார்னர் ஓலண்டுக்கு, இவரைவிடக் குறைந்த நேரமே திரையில் வந்ததற்கு, 12,000 டாலர். மறு ஆண்டு 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் நாயகி மார்லீன் டீட்ரிக்குக்கு 78,166 டாலர், இவருக்கு அதே ஆறாயிரம். இப்படி நடத்தப்பட்ட ஒருவர் வாய்ப்பில்லை என்று சொன்னால் அதன் பெயர் புலம்பலா? லோட்டஸ் விஷயத்துக்கு வருகிறேன்: கொடுக்கப்படாத வேடத்தை

(பதிவு இங்கே துண்டிக்கப்பட்டுவிட்டது, தொடர்ச்சி கீழே.)

திரைவாசி:
கொடுக்கப்படாத வேடத்தை எப்படி மறுப்பது? படக்குழுவுக்கு ஆலோசனை சொன்ன சீனத் தரப்பும், இவர் சீனாவுக்குத் தலைக்குனிவு தேடித் தருபவர் என்று கூறி, இவரைச் சேர்க்க வேண்டாம் என்றது. ஒருபக்கம் சீனப்பெண் என்பதால் வேண்டாம், மறுபக்கம் சீனத்துக்கு இழுக்கு என்பதால் வேண்டாம். இரண்டு கதவுகளும் வெளியிலிருந்து சாத்தப்பட்ட பிறகு, உள்ளே இருந்தவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார் என்கிறார் நண்பர்.

சொற்பிழையார்:
இவ்வளவு நேரம் பொறுத்துப் பார்த்தேன். அவருடைய பெயர் வாங் அன்று, வோங். 'வாங்' என்று எழுதினால் கடைக்குப் போய் எதையாவது வாங்கி வரச் சொல்வதுபோல் இருக்கிறது. தலைப்பிலேயே பிழையோடு தொடங்கிய விவாதத்தில் வேறென்ன விளங்கும்?

திரைவாசி:
அமெரிக்கர்கள் உச்சரிப்பது வாங் என்பதற்கு நெருக்கமாகத்தான் இருக்கிறது. உங்கள் கணக்குப்படி எழுதுவதானால் சீனப் பெயரான லியூ சோங் என்றே எழுத வேண்டும். பனி படர்ந்த அலரி மரம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

சொற்பிழையார்:
அலரி அன்று. ஆற்றங்கரையில் தொங்கும் 'வில்லோ' மரத்துக்குத் தமிழில் ஆற்றுப்பாலை என்று பெயர். அலரி என்பது கோயில் வாசலில் பூக்கும் அரளி. ஆறு ஆண்டுகள் எழுதினீர்கள் என்றீர்களே.

கரிசல்காட்டான்:
சொற்பிழையார் வாழ்க. இந்த இழையில் நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்ளும் முதல் பதிவு இது.

திரைவாசி:
மரத்தின் பெயரில் பிழை கண்டுபிடித்தால் எம்.ஜி.எம். செய்தது சரியாகிவிடுமா? விவாதத்தைத் திசைதிருப்பும் பதிவுகளை மட்டுறுத்துநர் கவனிக்க வேண்டுகிறேன்.

பழைய பெட்டி:
எல்லோரும் 1935இலேயே நிற்கிறீர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆசிய அமெரிக்கர் ஒருவரை முதன்மைப் பாத்திரமாக வைத்து வந்த முதல் தொடர் இவருடையதுதான் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. 1951 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை டூமான்ட் நிறுவனம் ஒளிபரப்பியது. கலைப்பொருள் விற்பனையாளராகவும் துப்பறிபவராகவும் நடித்தார். தொடரின் பெயரிலேயே 'மேடம் லியூ-சோங்' என்று அவருடைய சீனப் பெயர் இருந்தது. அதில் ஒரு காட்சிகூட இன்று கிடைப்பதாகத் தெரியவில்லை. டூமான்டின் பதிவுச் சுருள்கள் பெருமளவில் நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டன என்று நடிகை ஈடி ஆடம்ஸ் பின்னாளில் சாட்சியம் அளித்திருக்கிறார். எனக்கு லோட்டஸைவிட இந்த இழப்புத்தான் நெஞ்சை அறுக்கிறது.

கரிசல்காட்டான்:
மூன்று மாதத்தில் மூட்டை கட்டிய தொடருக்கு இத்தனை மாலை மரியாதையா? கிடைக்காத படச்சுருளைப் பார்க்காமலே பாராட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது. யாரும் மறுத்துப் பேச முடியாது. இருக்கட்டும், திரைவாசி ஐயாவுக்கு ஒன்று. அந்தப் படத்தின்மீது அவ்வளவு கோபம் என்றால், அன்னா மே வாங்கின் சொந்தத் தங்கை மேரி வாங் அதே 'தி குட் எர்த்' படத்தில் சின்ன மணப்பெண்ணாக நடித்தது எப்படி? மூத்த மகனாக வந்த கீ லூக்கும் சீன அமெரிக்கர்தானே? அமெரிக்கர்களே சீனர்களாக நடித்த படம் என்று அக்கா சொன்னது அப்படியென்றால் மிகைதானே?

அல்லி:
தங்கையைப் பற்றிப் பேசும்போது சற்று மனிதத்தன்மையோடு பேசுங்கள். அவர் 1940இல் தற்கொலை செய்துகொண்டவர். வெள்ளையர்களுக்கு முதன்மை வேடங்கள், சீனர்களுக்கு மிச்சம் மீதி என்பதற்கு நீங்கள் சொன்ன இரண்டு பெயர்களுமே சான்றுகள்.

கரிசல்காட்டான்:
இரங்கலுக்குரியது, ஆனால் என் கேள்விக்கு அது விடையன்று. மறுத்தார் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. இதோடு ஐந்தாம் முறை கேட்கிறேன்: "நடிக்க மாட்டேன்" என்பது மறுப்பா, இல்லையா?

திரைவாசி:
ஐந்து முறை கேட்டால் கேள்வி சரியாகிவிடாது. அந்தப் பேச்சு மானமுள்ள ஒருவர் முன்கூட்டியே கட்டிக்கொண்ட கவசம். ஸ்டுடியோ தன்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பது 1919இலேயே 'தி ரெட் லாண்டர்ன்' படத்தின் கூட்டத்தில் விளக்கேந்தி நின்றவருக்குத் தெரியாதா? அமெரிக்காவிலேயே பிறந்திருந்தும், வெளிநாடு போகும்போதெல்லாம் திரும்பி வரும் உரிமைக்காகப் படிவம் 430ஐ நிரப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டியிருந்தவர் அவர். சீனர்கள் குடியேறுவதைத் தடுத்த சீனர் விலக்குச் சட்டம் 1943 வரை நடைமுறையில் இருந்தது. டெஸ்ட் முடிந்த அடுத்த மாதமே கப்பலேறிச் சீனாவுக்குப் போனார். அங்கும் சில பத்திரிகைகள் அவரை வசை பாடின. திரும்பி வந்து பாரமவுன்டில் 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' படத்தில், கொல்லப்பட்ட தந்தைக்காகத் துணிந்து இறங்கும் மகளாக, சாகாத நாயகியாக நடித்தார். போர்க்காலத்தில் 'லேடி ஃப்ரம் சுங்கிங்' போன்ற சிறு படங்களில் கிடைத்த ஊதியத்தைச் சீன நிவாரண நிதிக்குக் கொடுத்தார். காலமெல்லாம் புலம்பியவர் செய்யும் காரியங்களா இவை? 2022இல் அமெரிக்க அரசு 25 சென்ட் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தது. அந்நாட்டு நாணயத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர் அவரே.

கரிசல்காட்டான்:
நாணயத்தில் முகம் வந்துவிட்டால் வரலாறு மாறிவிடுமா? நீங்கள் சொன்ன அத்தனையும் உண்மையாக இருக்கட்டும். அவர் மறுத்தார் என்பதும் உண்மைதான். முன்கூட்டியே மறுப்பதும் மறுப்புத்தான். அதைக் கவசம் என்று பெயர் மாற்றி விற்காதீர்கள்.

மூன்றாம்பிறை:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அது போகட்டும். 'பிக்காடில்லி' படத்தின் மீட்டெடுக்கப்பட்ட பிரதியை எங்கே பார்க்கலாம் என்றாவது யாரேனும் சொல்வீர்களா?

திரைவாசி:
மூன்றாம்பிறை, இப்போது பேசிக்கொண்டிருப்பது 'பிக்காடில்லி' பற்றியன்று. லூயின் குறிப்பு எழுதப்பட்ட சூழலை விரிவாக இரண்டாம் பகுதியாக நாளை எழுதுகிறேன். அதற்குள் கரிசல்காட்டான், கொடுக்கப்படாத வேடத்தை எப்படி மறுப்பது என்பதற்கு ஒரு வரியிலேனும் விடை எழுதி வைக்கட்டும்.

கரிசல்காட்டான்:
இரண்டாம் பகுதி வரட்டும், காத்திருக்கிறேன். இந்த முறையாவது குறிப்பை வாலோடு சேர்த்துப் போடுங்கள்.

சொற்பிழையார்:
தலைப்பில் இன்னும் வாங் என்றே இருக்கிறது.