ஸ்கேட் வீடியோ நாமளே எடுக்கணும்னா என்னென்ன வேணும்? கேமரா, ஃபிஷ்ஐ, எடிட்டிங் எல்லாத்துக்கும் வழி சொல்லுங்க

புஷ்_பண்ணு:

வணக்கம் மக்களே. நானும் என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் ஸ்கேட் பண்றோம், ஆலி (போர்டோட சேந்து எகிறுறது), கிக்ஃப்ளிப் (எகிறி போர்ட ஒரு சுத்து சுத்த விடுறது), லெட்ஜ்ல (திண்ணை மாதிரி விளிம்பு) 50-50 (ரெண்டு ட்ரக்கும் விளிம்புல உரச போறது) வரைக்கும் ஓரளவு வந்துட்டோம், இப்போ எங்க மூணு பேரையும் வச்சு ஒரு 3 நிமிஷ வீடியோ பண்ணணும்னு ரொம்ப நாளா ஆசை. ஃபோன்ல எடுத்துப் பாத்தோம், ஆனா பெரிய ஸ்கேட் வீடியோல பாக்குற மாதிரி வரவே மாட்டேங்குது. நேர்ல பாக்கும்போது நல்ல உயரமா தெரியுற ஆலி வீடியோல சப்புனு இருக்கு, வேகமே தெரியல. பின்னாடியே போர்டுல போய் எடுத்தா ஒரே ஆட்டம். சத்தம்னு பாத்தா காத்து மட்டும்தான் கேக்குது.

என்கிட்ட இருக்குறது ஒரு ஃபோன் (அல்ட்ராவைட் லென்ஸ் இருக்கு), 8 ஜிபி ரேம் இருக்குற பழைய லேப்டாப், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. எடிட் பண்ண உக்காந்தா லேப்டாப் திணறுது, போகப்போக சத்தம் ஒரு பக்கம் படம் ஒரு பக்கம் போகுது.

ஆக்ஷன் கேமரா வாங்கலாமா, இல்ல எல்லாரும் சொல்ற அந்தப் பழைய விஎக்ஸ் கேமராவா? ஃபோன்ல மாட்டுற ஃபிஷ்ஐ (படத்த உருண்டையா வளைச்சு ரொம்ப அகலமா காட்டுற லென்ஸ்) கிளிப் உருப்படியா? கிம்பல் (மோட்டார் வச்சு ஆட்டத்த அடக்குற கைப்புடி) வேணுமா? கையில காசு கம்மி, அதனால எத முதல்ல வாங்கணும்னு வரிசையா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

நாலு_சக்கரம்:

ப்ரோ, கேமரா இப்போதைக்கு வாங்காதீங்க. முதல்ல சாஃப்ட் வீல் வாங்குங்க, நான் நிஜமாவே சொல்றேன். நீங்க ட்ரிக் பண்ற வீல் 99ஏ, 101ஏனு (எண் கூடுனா வீல் கடினம்) கல்லு மாதிரி இருக்கும், அதுல போய் ஃபாலோ ஷாட் (பின்னாடியே போய் எடுக்குறது) எடுத்தா தரையில இருக்குற ஒவ்வொரு சின்னக் கல்லும் வீடியோல தெரியும், மைக்ல உங்க வீல் சத்தம்தான் ஓங்கி கேக்கும், ட்ரிக் பண்றவனோட பாப் (எகிற போர்டோட பின்முனைய, அதாவது டெயில, தரையில அடிக்கிற சத்தம்) அதுல அமுங்கிப்போயிரும். 78ஏ பக்கத்துல இருக்குற மெத்துனு வீல், கொஞ்சம் பெருசா, பழைய டெக் (போர்டோட பலகை) ஒண்ணுல மாட்டி அத ஃபில்மர் (வீடியோ எடுக்குறவன்) போர்டுனே தனியா வச்சிருங்க. ஆட்டம், சத்தம் ரெண்டுமே பாதிக்கு மேல குறையும். இத யாரும் முதல்ல சொல்றதில்ல, எல்லாரும் லென்ஸ் பத்தியே பேசிட்டு இருப்பாங்க.

அடுத்து ஆலி சப்புனு இருக்குற பிரச்சனை. நீங்க நின்னுக்கிட்டு நெஞ்சு உயரத்துல ஃபோன புடிச்சு எடுக்குறீங்கன்னு நெனைக்கிறேன். மேல இருந்து கீழ பாத்தா போர்டுக்குப் பின்னாடி தரைதான் இருக்கும், அப்போ எவ்ளோ உயரம் எகிறுனாலும் தெரியாது. ஃபோன முட்டிக்குக் கீழ கொண்டு வாங்க, கிட்டத்தட்ட தரைய ஒட்டி, லென்ஸ லேசா மேல பாக்க வைங்க. போர்டு ஃப்ரேமோட அடிப்பக்கத்துல இருக்கணும், தலை மேல் ஓரத்த தொடாம இருக்கணும். அல்ட்ராவைட்னா 120 டிகிரி பக்கத்துல பாக்கும், அதனால தூரத்துல நின்னா எல்லாமே எறும்பு சைஸ்ல தெரியும், கை நீட்டுனா போர்டு எட்டுற தூரத்துல இருந்தாதான் அந்த லென்ஸுக்கே வேலை. வேகமும் அப்பதான் தெரியும், ஏன்னா தரை லென்ஸுக்குப் பக்கத்துல ஓடுது.

இதுக்கு ஃபோன வெறும் கையால புடிச்சா முடியாது, குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிரும். ஃபோன் கேஜ் (ஃபோன சுத்திப் புடிக்கிற சட்டம்) ஒண்ணு, மேல கைப்புடி இருக்குறது, அது போதும். கைப்புடிய மேல இருந்து புடிச்சு தொங்க விட்டா ஃபோன் தானா கீழ இருக்கும், மணிக்கட்டு இளக்கமா இருந்தா ஆட்டமும் அங்கயே அடங்கிரும். முட்டிய மடக்கியே ஓட்டுங்க. ஸ்க்ரீனையே பாத்துட்டு ஓட்டாதீங்க, கண்ணு அவன் காலுலயும் எதிர்ல இருக்குற தரையிலயும் இருக்கணும், ஃப்ரேம் கைப்பழக்கத்துல வந்துரும். ஹெல்மெட் போடுங்க, போர்டு பறந்து வர்றது பெரும்பாலும் ஃபில்மர் பக்கம்தான்.

ஃபோன்ல மாட்டுற மலிவான ஃபிஷ்ஐ கிளிப் வேணாம். ஓரமெல்லாம் மங்கலா, நாலு மூலையும் கருப்பா வரும், ஓடும்போது கொஞ்சம் நகந்தாலும் வட்டம் கோணிக்கும்.

டேப்_காதலன்:

விஎக்ஸ் பத்தி கேட்டதால சொல்றேன். சோனி டிசிஆர்-விஎக்ஸ்1000, 1995ல வந்தது, 3 சிசிடி (மூணு சென்சார்), மினிடிவிங்குற சின்ன டிஜிட்டல் டேப். மேல கைப்புடி வச்ச டிசைன், அதனாலயே தரைய ஒட்டி எடுக்க சுலபமா இருந்துச்சு. அதோட செஞ்சுரி ஆப்டிக்ஸோட எம்கே1 ஃபிஷ்ஐய மாட்டுனா வர்ற உருண்டையான படமும், அதோட மைக்ல போர்டு தரையில அடிக்கிற அந்த நறுக்குனு சத்தமும் இன்னைக்கு வரைக்கும் வேற எதுலயும் எனக்குக் கிடைக்கல. 4:3 ஃப்ரேம்ல ஆளு நின்ன வாக்குல முழுசா அடங்குவான், அகலமான ஃப்ரேம்ல ரெண்டு பக்கமும் வெறுமையா கிடக்குற பிரச்சனை இல்ல.

ஆனா தம்பி, முதல் கேமராவா இது உங்களுக்கு வேணாம், நான் மனசார சொல்றேன். டேப் ஹெட் தேஞ்சிருக்கும், டேப் ஓடும்போது படம் கட்டம் கட்டமா உடையும், ரிப்பேர் பண்ற ஆளும் குறைவு. 60 நிமிஷ டேப்ப கம்ப்யூட்டருக்கு ஏத்த 60 நிமிஷமே ஆகும், ஓடவிட்டுதான் ஏத்தணும், அதுக்கு ஃபயர்வயர்னு பழைய கேபிள் போர்ட் வேணும், இப்போ வர்ற லேப்டாப்ல அது இல்ல. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பக்கத்துல எடம் எடுக்கும். அப்புறம் படம் இன்டர்லேஸ்டு (ஒண்ணு விட்டு ஒண்ணு கோடா ரெண்டு பாதியா எடுக்கும்), அத ஒண்ணு சேக்காம, அதாவது டீஇன்டர்லேஸ் பண்ணாம போட்டா அசையுற எடத்துல எல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு வரும். இவ்ளோவும் தெரிஞ்சும் ஆசை இருந்தா பின்னாடி வாங்குங்க.

அந்த லுக் புடிச்சிருந்தா ஃபோன்ல எடுத்தத 4:3க்கு வெட்டிப் பாருங்க. தலையும் போர்டும் நடுவுல இருக்குற மாதிரி எடுத்தா போதும், ஓரத்துல எது போனாலும் கவலை இல்ல. ஓரம் போறதால அகலம் குறையும், அதனால அந்த ஷாட்ட அல்ட்ராவைட்லயே எடுங்க.

புஷ்_பண்ணு:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், வீல் மேட்டர் சுத்தமா தோணவே இல்ல. ஆக்ஷன் கேமராவும் கிம்பலும் பத்தி யாராவது சொல்லுங்க. அப்புறம் காத்து சத்தத்துக்கு என்ன பண்றது? பாட்டு போட்டு மூடிரலாமான்னு யோசிச்சேன்.

காது_கொடு:

பாட்டு போட்டு மூடிராதீங்க ப்ளீஸ்!! ஸ்கேட் வீடியோல பாதி சுகமே சத்தம்தான். புஷ் பண்ணும்போது வீல் உருள்ற சத்தம், பாப் ஆகும்போது டெயில் தரையில அடிக்கிறது, அப்புறம் காத்துல இருக்கும்போது ஒரு கணம் எதுவுமே கேக்காது, அதுக்கப்புறம் நாலு வீலும் ஒண்ணா வந்து விழும் பாருங்க, அந்த ஒரு கணம் அமைதிதான் எவ்ளோ உயரம் போனான்னு காதுக்கு சொல்லும். லெட்ஜ்ல ட்ரக் (வீல புடிச்சிருக்குற இரும்பு) உரசுற சத்தம் இல்லாம கிரைண்ட (அப்படி உரசிப் போறத) காட்டுனா அது பாதி கிரைண்டுதான். பாட்டு போடுங்க, ஆனா போர்டு சத்தம் அதுக்கு மேல கேக்கணும், பாப்புக்கும் லேண்டிங்குக்கும் அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் ஏத்தி விடுங்க.

காத்துக்கு: மைக் ஓட்டை எங்க இருக்குன்னு பாத்து (பெரும்பாலும் ஃபோனோட அடிப்பக்கம் ஒண்ணு, பின்னாடி கேமரா பக்கத்துல ஒண்ணு இருக்கும்) அதுமேல சின்ன ரோமத் துணி ஒட்டிப் பாருங்க, இதுவே நல்லா வித்தியாசம் காட்டும். அடுத்த கட்டம், ஃபோன்ல சொருகுற சின்ன ஷாட்கன் மைக் (எதிர்ல இருக்குற சத்தத்த மட்டும் அதிகமா வாங்குறது), அதுக்கு ரோம உறை கட்டாயம், வெறும் ஸ்பாஞ்சு உறை ஓடும்போது வர்ற காத்தத் தாங்காது. மைக் போர்டு பக்கம் பாக்கணும், முகத்தப் பாக்கக் கூடாது. சட்டையில குத்துற வயர்லெஸ் மைக் இதுக்கு வேணாம், மூச்சு வாங்குறதும் துணி உரசுறதும்தான் கேக்கும்.

ரெக்கார்டிங் லெவல் (சத்தம் வாங்குற அளவு) ஆட்டோல இருந்தா பாப் அடிச்ச உடனே மத்த சத்தம் அமுங்கி திரும்ப மெதுவா மேல வரும், கேக்கவே நல்லா இருக்காது. கையால லெவல் வைக்கிற கேமரா ஆப் இருந்தா கம்மியா வச்சு எடுங்க, ஏத்துறது பின்னாடி எடிட்ல பண்ணிக்கலாம், உடஞ்ச சத்தத்த சரி பண்ண முடியாது.

நாலு_சக்கரம்:

ஆக்ஷன் கேமரா ஃபாலோ ஷாட்டுக்கு நல்லதுதான், சின்னது, விழுந்தாலும் தாங்கும், கோப்ரோல 2018ல ஹீரோ7 பிளாக்ல ஹைப்பர்ஸ்மூத்னு ஆட்டத்த அடக்குற வசதி (ஸ்டெபிலைசேஷன்) வந்ததுல இருந்து ஆட்டம் பெரிய பிரச்சனையே இல்ல. ஆனா மூணு விஷயம் பாத்துக்கோங்க. ஸ்டெபிலைசேஷன் போட்டா ஃப்ரேம் ஓரத்த வெட்டிரும், ஃபிஷ்ஐ ஃபீல் குறையும். லீனியர் மோட்ல வச்சா வளைவ நிமித்திரும், அதனால வைட்ல வச்சே எடுங்க. இருட்டுனா சென்சார் சின்னதா இருக்குறதால புள்ளி புள்ளியா வரும், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் வாங்குற நேரம்) மெதுவாகி ஸ்டெபிலைசேஷனும் சேந்து படம் துடிக்கும். நல்ல வெளிச்சத்துல மட்டும்.

கிம்பல் எனக்கு புடிக்காது. படம் வழுவழுன்னு மிதக்கும், வேகம் செத்துரும், அதோட முட்டி உயரத்துல வேகமா சட்டுனு திருப்பும்போது மோட்டார் பின்தங்கும். அந்தக் காச வீலுக்கும் மைக்குக்கும் போடுங்க. ட்ரைபாட் வேணா ஒண்ணு வாங்கலாம், லாங் ஷாட்டுக்கு. லாங் ஷாட்னா அவன் ஓடி வர்ற எடம், லெட்ஜ், ட்ரிக் முடிஞ்சு உருண்டு போற எடம் மூணும் ஒரே பார்வைல புரியணும். கால வெட்டிறாதீங்க, எந்தக் காரணத்துக்கும். லேண்ட் ஆன உடனே ரெக்கார்டிங்க நிறுத்தாதீங்க, உருண்டு போறத விடணும், அவன் முகத்துல வர்ற சிரிப்பு அங்கதான் இருக்கு.

செட்டிங்: 1080பி, நொடிக்கு 60 ஃப்ரேம். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஃபோகஸையும் லாக் பண்ணிருங்க, ஸ்க்ரீன்ல அழுத்திப் புடிச்சா நிறைய ஃபோன்ல லாக் ஆகும், இல்லன்னா நிழல்ல இருந்து வெயிலுக்கு வரும்போது படம் வெளுத்து திரும்ப கறுக்கும். ராத்திரி தெருவிளக்குல எடுக்கும்போது படத்துல பட்டை ஓடுனா ஷட்டர் மின்சாரத்தோட ஒத்துப்போகலன்னு அர்த்தம், 50 ஹெர்ட்ஸ் இருக்குற எடத்துல 1/100 வைங்க, 60 ஹெர்ட்ஸ்னா 1/60 இல்ல 1/120.

கட்_பண்ணவா:

எடிட்டிங் பக்கம் நான் சொல்றேன். சத்தமும் படமும் பிரியுறதுக்கு முக்கால்வாசி காரணம் உங்க ஃபோன். பெரும்பாலான ஃபோன் வேரியபிள் ஃப்ரேம் ரேட்ல எடுக்கும், அதாவது 60னு போட்டிருந்தாலும் ஒரு நொடிக்கு 58, 60னு வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்த மாதிரி மாறிட்டே இருக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேர் அத நிலையான 60ன்னு நெனச்சு அடுக்கும்போது கிளிப் நீள நீள சத்தம் விலகிப்போகும். ஹேண்ட்பிரேக்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல வீடியோ டேப்ல கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்னு தேர்ந்தெடுத்து, 60னு போட்டு, எல்லா கிளிப்பையும் வரிசைல போட்டு மாத்திட்டு அப்புறம் எடிட்டுக்கு எடுங்க. க்வாலிட்டி எண் சின்னதா இருந்தா தரம் அதிகம், 18 பக்கத்துல வைங்க. ஒரிஜினல அழிக்காதீங்க, ரெண்டு எடத்துல காப்பி வைங்க.

சாஃப்ட்வேர்: டாவின்சி ரிசால்வ் இலவச வெர்ஷன் பிரமாதமானது, வாட்டர்மார்க் கிடையாது, கலர் வேலைக்கு அத அடிச்சுக்க ஆளில்ல, ஆனா உங்க 8 ஜிபி லேப்டாப்புக்கு வேணாம், திறக்கவே திணறும். ஷாட்கட் இல்ல கேடென்லைவ் போடுங்க, ரெண்டும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். ரெண்டுலயும் ப்ராக்ஸி வசதி இருக்கு, அத ஆன் பண்ணா எடிட் பண்ணும்போது சின்ன சைஸ் காப்பிய காட்டும், எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஒரிஜினல எடுத்துக்கும். லேப்டாப் திணறுறது இதோட போயிரும். ஆப்பிள் லேப்டாப் வச்சிருக்க ஃப்ரெண்ட் இருந்தா ஐமூவியே போதும்.

ஸ்லோமோஷன அளவா போடுங்க. 60ல எடுத்தத 30 டைம்லைன்ல போட்டா பாதி வேகம் சுத்தமா வரும், அதுக்கு மேல இழுத்தா தத்தித் தத்தி ஓடும், கால் வேகம் வேணும்னா 120ல எடுக்கணும். எனக்குப் புடிச்ச முறை, ட்ரிக்க முதல்ல முழு வேகத்துல காட்டுறது, ரொம்ப நல்ல ட்ரிக்னா மட்டும் லாங் லென்ஸ் ஆங்கிள்ல ஒரு தடவ மெதுவா. எல்லாத்தையும் மெதுவாக்குனா 3 நிமிஷம் 10 நிமிஷம் மாதிரி இருக்கும். ட்ரான்ஸிஷன் எஃபெக்ட் எதுவும் வேணாம், நேரா வெட்டுங்க.

பாட்டு விஷயம்: காப்புரிமை இருக்குற பாட்ட யூடியூப்ல போடுறதா இருந்தா கன்டென்ட் ஐடி (அத கண்டுபுடிக்கிற யூடியூப்போட தானியங்கி முறை) புடிச்சிரும், வீடியோ முடங்கலாம் இல்ல சத்தம் போயிரலாம். யூடியூப்லயே ஆடியோ லைப்ரரி இருக்கு, இல்லன்னா தெரிஞ்சவங்க யாராவது வாசிச்சத அனுமதி கேட்டு போடுங்க.

டேப்_காதலன்:

கட்_பண்ணவா சொன்னதோட ஒண்ணே ஒண்ணு சேத்துக்கோங்க. விழுறதையும் கொஞ்சம் சேருங்க. வெறும் லேண்டிங் மட்டும் அடுக்குனா எவ்ளோ கஷ்டப்பட்டு வந்த ட்ரிக்னு பாக்குறவனுக்குத் தெரியாது. வீடியோவோட பெரிய ட்ரிக்குக்கு முன்னாடி ரெண்டு விழுறது, அப்புறம் அதே ஆங்கிள்ல லேண்ட் ஆகுறது, அதுக்கு ஈடே கிடையாது.

புஷ்_பண்ணு:

இவ்ளோ விவரமா யாரும் சொன்னதே இல்ல, எல்லாருக்கும் நன்றி. அப்போ என் வரிசை: சாஃப்ட் வீல், கைப்புடி வச்ச கேஜ், ரோம உறையோட மைக், அப்புறம் ட்ரைபாட். சாஃப்ட்வேருக்கு ஷாட்கட், ஹேண்ட்பிரேக். கடைசியா ஒண்ணு, ஃப்ரெண்டோட மாமா கேமரா ஒண்ணு இருக்கு, 4கே எடுக்கும், லாங் ஷாட்டுக்குத் தர்றேன்னு சொல்லிருக்காரு. அதுக்கு எந்த எஸ்டி கார்டு?

கட்_பண்ணவா:

வி30னு போட்டிருக்குறது வாங்குங்க. விடாம நொடிக்கு 30 மெகாபைட் எழுதும்னு அர்த்தம். 100 மெகாபிட்ல 4கே எடுத்தாலும் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் வரும், அதனால தாராளம். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும், 128 ஜிபி கார்டுனா ஒரு நாளைக்குப் போதும். உங்க லேப்டாப்புக்கு 1080பியே எடுங்க, அவர்கிட்ட 60 ஃப்ரேம் இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க, ஃபோன் கிளிப்போட ஒண்ணா அடுக்கும்போது அது வேணும்.