வேளாண் அறிவியல் படிச்சவங்க, உங்க வேலையில நடந்த ஒண்ணைச் சொல்லுங்க

தங்கச்சி வேளாண் அறிவியல் எடுக்கப் போறா. "ஏர் பிடிக்கவா படிப்பு?"ன்னு வீட்டுல கேட்கிறாங்க. சம்பளக் கணக்கு வேண்டாம், ஒரு சம்பவம் சொல்லுங்க, போதும்.

விரிவாக்கப் பணி
விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்ற வேலை. சேர்ந்து ரெண்டாவது மாசம். ஒரு பெரியவர் நிலக்கடலைச் செடியோட வந்தார். இலையெல்லாம் மஞ்சள். "தழைச்சத்துக் குறை, யூரியா போடுங்க ஐயா"ன்னு ஒரே மூச்சுல சொன்னேன்.

"போட்டுப் பார்த்துட்டுத்தான் வர்றேன் தம்பி."

பக்கத்துல இருந்த சீனியர் செடியை வாங்கி, "மஞ்சள் எங்க இருக்கு, பாரு"ன்னார். நுனி இலையில. நரம்பு மட்டும் பச்சை. தழைச்சத்து செடிக்குள்ள நகரும். குறைஞ்சா அடியிலையில இருந்து உருவி நுனிக்குப் போயிடும், அதனால அடியிலைதான் முதல்ல வெளுக்கும். இரும்பு அப்படி நகராது, புது இலைதான் மாட்டும். இதைப் பரீட்சையில பக்கம் பக்கமா எழுதினவன் நான்! பெரியவர் நிலம் சுண்ணாம்பு மிகுந்த மண். இரும்பு இருந்தும் வேரால எடுக்க முடியல. இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பைக் கரைச்சு இலையில தெளிக்கச் சொன்னார் சீனியர். பெரியவர் அடுத்த வாரமும் என்னையே தேடி வந்தார், அதுதான் ஆச்சரியம்.

விதைப் பரிசோதனை
400 விதை, நூறு நூறா நாலு பிரிவு. நெல்லுன்னா 5-ஆம் நாள் ஒரு எண்ணிக்கை, 14-ஆம் நாள் கடைசி எண்ணிக்கை. முளைச்சா மட்டும் போதாது, வேர் ஊனமான நாத்து கணக்குல வராது. பொறுமை இல்லாதவங்க இந்தப் பக்கம் வராதீங்க. ஆனா டெட்ரசோலியம்ங்கிற ரசாயனக் கரைசல்ல ஊறின விதையைப் பிளந்து பார்த்தா, உயிருள்ள கரு சிவந்து நிற்கும். அதுக்காகவே தங்கிட்டேன்.

செயற்கைக்கோள் படங்கள்
நான் படிச்சது கணினி. சென்டினல்-2 படங்கள்ல பயிர் நிலவரம் பார்க்கிறேன். 5 நாளைக்கு ஒரு படம், படத்துல ஒரு புள்ளின்னா நிலத்துல 10 மீட்டர். ஒரு பெரிய பரப்பை "வறட்சி"ன்னு அறிக்கையில எழுதிட்டேன். கூட வேலை பார்க்கிற உழவியல் படிச்ச அக்கா தேதியைப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க: "அறுவடை முடிஞ்ச நிலம்டா இது." அறிக்கை போறதுக்கு முன்னாடி பார்த்தாங்களே, தப்பிச்சேன்.

கேட்டவர்
வாசிச்சுக் காட்டினேன். 400 விதையை யார் எண்ணுவாங்கன்னு கேட்கிறா. அப்புறம், அந்த நிலக்கடலை தேறிச்சா?

விரிவாக்கப் பணி
தெளிச்ச இலை பச்சை பிடிச்சது. பின்னாடி வந்த இலைக்கு மறுபடியும் தெளிக்க வேண்டியிருந்தது. இரும்புதான் நகராதே.