சின்னக் காயம்தானே என்று இருந்துவிட்ட அனுபவம் உண்டா?

திண்டுக்கல் அம்மா
ட்யூஷன் விட்டு வந்த பையனின் கணுக்காலில் தெருநாய் பல் பட்டுவிட்டது. ரத்தம் ஒரு பொட்டுதான். எதிர்வீட்டுப் பாட்டி மிளகாய்ப்பொடியை எண்ணெயில் குழைத்துக் கொடுத்தார், நானும் தடவினேன். மறுநாள் காலையில்தான் ஆரம்ப சுகாதார நிலையம் போனோம். நர்ஸ் முதலில் ஊசியைத் தொடவே இல்லை. அவன் காலைக் குழாயடியில் வைத்து சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தார். சிவப்பாக எண்ணெய்த் தண்ணீர் ஓடியது. பையன் அலறுகிறான். "பதினஞ்சு நிமிஷம் கழுவணும், பிடிச்சுக்கோங்கம்மா" என்றார். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதை முந்தின நாள் ராத்திரியே எங்கள் வீட்டுக் குழாயில் நான் செய்திருக்கலாம். ரத்தம் வந்ததால் கடிவாயில் போடும் இம்யூனோகுளோபுலினுக்கு (கிருமியை உடனே எதிர்க்கும் ஊசி மருந்து) ஜி.எச். அனுப்பினார்கள். வெறிநோய்த் தடுப்பூசி, முதல் ஊசி நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என்று நான்கு நாள்.

அப்பளக்கடை
எனக்குக் கொதிக்கிற எண்ணெய். அண்ணி பதறிப்போய் டூத்பேஸ்ட் அப்பிவிட்டார். டாக்டர் அந்தக் காய்ந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்தாரே, எண்ணெய் பட்டபோதுகூட அப்படி வலிக்கவில்லை. சாதாரணக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டியிருந்தால் போதும், ஐஸும் வேண்டாம் என்றார்.

மேலூரான்
பாட்டியைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் எந்தக் காயத்துக்கும் மஞ்சள்தான். எல்லாம் ஆறியிருக்கிறது.

ரிட்டயர்டு வாத்தியார்
மேலூர்த் தம்பி, சிராய்ப்பு மஞ்சள் வைக்காவிட்டாலும் ஆறும். நாய்க்கடியை அதோடு சேர்க்காதீர்கள். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். புண் ஆறிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போதே கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எனக்குச் செருப்பைத் துளைத்து ஆணி ஏறியது. தெருமுனை கிளினிக்கில் டி.டி. (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டுக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான் என் கதை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.டி. என்று நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. சிறுவயதுத் தடுப்பூசி முழுதாகப் போட்டவர்களுக்கு அப்படித் தேவையில்லை. சுத்தமான சின்னக் காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் மட்டும் மறுபடி போட்டால் போதும். மண், சாணி, துரு பட்ட காயம் என்றால் 5 வருடம். அதனால் போட்ட தேதியை ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரிலேயே எழுதி வையுங்கள். எந்த டாக்டரும் முதலில் கேட்பது அதைத்தான். அப்புறம், காயத்துக்குள் மண்ணோ கண்ணாடியோ இருந்தாலும், பத்து நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலும், விரல் மரத்துப்போனாலும் மருந்துக்கடையில் களிம்பு கேட்டு நிற்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தையல் போடுவதானால் சீக்கிரம் போடுவதுதான் நல்லது.

மேலூரான்
சரி ஐயா, நாய்க்கடிக்கு ஒத்துக்கொள்கிறேன். சிராய்ப்புக்கு மஞ்சளை விடமாட்டேன்.

திண்டுக்கல் அம்மா
பாட்டியை நான் திட்டவில்லை. தடவியது என் கை. வருகிற வியாழக்கிழமை 28ஆம் நாள் ஊசி.