5 மில்லிமீட்டர் சிறுநீரகக் கல்: வாழைத்தண்டுச் சாறு போதுமா?

கேள்வி (மன்னார்குடி): குறுவை நடவு நேரம். நேற்று வரப்பில் நிற்கும்போது விலாவிலிருந்து அடிவயிறு வரை சுருட்டிப் பிடித்தது. ஸ்கேனில் 5 மில்லிமீட்டர் கல். அம்மா தினமும் வாழைத்தண்டுச் சாறு தருகிறார். அது போதுமா?

பதில் (திருவையாறு): தம்பி, எனக்கும் அதே அளவுதான். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். எனக்குப் பதினோராம் நாள் சிறுநீரோடு விழுந்தது. பச்சைப்பயறு அளவு, முள் முள்ளாக. டீ வடிகட்டியில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன், கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்த கால்சியம் ஆக்சலேட் கல் என்றார்கள். சாறு குடியுங்கள், ஆனால் அதை நம்பி மருந்தை விடாதீர்கள். காய்ச்சல், குளிர் வந்தால் அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பதில் (கும்பகோணம்): என் வீட்டுக்காரருக்கு மூன்று வருடத்தில் மறுபடி வந்தது. தண்ணீர் குடிப்பதை விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: பாலை நிறுத்தச் சொல்கிறார்களே, அண்ணே?

பதில் (திருவையாறு): வேண்டாம். பால், சாப்பாட்டிலுள்ள கால்சியமானது, கல்லை உண்டாக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். உப்பைக் குறையுங்கள், கருவாடு, ஊறுகாய் எல்லாம்தான். சிறுநீர் நாளுக்கு இரண்டரை லிட்டர் போகிற அளவு தண்ணீர் வேண்டும். வயலுக்கு கேனோடு போங்கள்.