ஒட்டுசுட்டான் பக்கம் 2 ஏக்கர் மேட்டுக்காணி: முதல் வருசம் எதில கை வைக்கிறது?

கேள்வி: கொக்குவில்தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம். மனிசிக்கு வாற தையில ஒட்டுசுட்டான் பக்கம் பள்ளிக்கூட மாற்றம். அங்கை அம்மப்பாவின்ர 2 ஏக்கர் கிடக்கு, எழுபதுகளில அரசாங்கப் பேர்மிற்றில (அனுமதிப்பத்திரத்தில) கிடைச்ச காணி. 2008 இல இடம்பெயர்ந்த பிறகு ஒருத்தரும் போய் இருக்கேல்லை. இப்ப முழுக்கப் பத்தை. வீட்டின்ர அத்திவாரம், தூர்ந்த கிணறு ஒண்டு, நாலஞ்சு பழைய தென்னை, வடக்கு எல்லையில பெரிய பாலை மரம், அவ்வளவுதான் மிச்சம். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு அங்கையே போய் இருக்கிறதெண்டு முடிவெடுத்திட்டம்.

நான் யாழ்ப்பாணத்தில 4 பரப்பில வெங்காயமும் புகையிலையும் செய்யிறனான். 2 ஏக்கர் எண்டால் 32 பரப்பு, நினைக்கவே மலைப்பாக் கிடக்கு. ஒரு ஏக்கருக்குத் தென்னை, மற்றதுக்குக் கச்சான் எண்டு யோசனை. ஆனால் கிணறு, வேலி, தென்னை மூண்டையும் ஒரே வருசத்தில செய்யக் கையில காசு காணாது. எதை முதல் செய்யலாம்? யானை எவ்வளவு கரைச்சல்? பேர்மிற் கடதாசியும் இடப்பெயர்வில துலைஞ்சு போச்சு.

பதில்: இடதுகரை

தம்பி, நீங்கள் வாறது சந்தோசம். பூட்டிக் கிடக்கிற காணியளுக்கு ஆக்கள் வந்தால்தான் எங்கட பக்கம் பள்ளிக்கூடமும் பஸ்ஸும் நிலைக்கும். நான் முத்தையன்கட்டுக் குளத்தின்ர இடதுகரைப் பக்கம். அப்பா படிச்ச இளைஞருக்கு அரசாங்கம் காணி குடுத்த படித்த வாலிபர் திட்டத்தில வந்து, செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை இருந்த காலத்தில அதிலயே எங்களைப் படிப்பிச்சவர். மீள்குடியேறின பிறகு காணியைப் பாக்கிறது நான்தான்.

முதல் கடதாசி. பேர்மிற் துலைஞ்சதுக்குப் பயப்படாதேங்கோ. விதானையாரை (கிராம சேவையாளரை) பிடிச்சு, ஏஜிஏ கந்தோர் (பிரதேச செயலகம்) காணிக் கிளையில பதிவேட்டைப் பாருங்கோ. அம்மப்பா ஆரைப் பின்னுரித்தாளரா, அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவரா, எழுதினவர் எண்டதுதான் முக்கியம். ஒருத்தரையும் எழுதேல்லை எண்டால் சட்டத்தில இருக்கிற வரிசைப்படிதான் போகும். முந்தி அந்த வரிசையில ஆம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் முதலிடம், 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாத்தினது. அம்மப்பா மோசம் போன வருசத்தைச் சொல்லி, எந்த வரிசை பொருந்தும் எண்டு கேளுங்கோ, மரண அத்தாட்சிப்பத்திரமும் கையில இருக்கோணும். அம்மாவின்ர பேருக்கு வராமல் வீட்டுக்குக் கல்லு இறக்காதேங்கோ. பேர்மிற் காணியைப் பிரதேச செயலாளரின்ர அனுமதி இல்லாமல் கைமாத்தேலாது. கன காலம் காடு பத்தின காணி எண்டபடியால் வனவளத் திணைக்களத்தின்ர எல்லைக்குள்ள விழுந்திருக்கோ எண்டும் அங்கையே கேளுங்கோ. அது தெரியாமல் மண் வெட்டுற பெக்கோ மிசினை இறக்கக் கூடாது. உள்ளுக்கை முதிரை வளர்ந்து நிண்டாலும் அனுமதி எடுக்காமல் கத்தி வைக்காதேங்கோ. அந்தப் பாலை நிக்கட்டும். பழக் காலத்தில உங்கட பிள்ளையள் வாயெல்லாம் பிசுபிசுக்கத் திரிவினம்.

அடுத்தது தண்ணி, என்ர கணக்கில எல்லாத்திலும் பெரிய விசயம் அதுதான். யாழ்ப்பாணத்தில நீங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாற தண்ணியில தோட்டம் செய்தனீங்கள். இங்கை அடியில கருங்கல். மேல கிடக்கிற உக்கின கல்லு மண்ணுக்குள்ள நிக்கிற தண்ணிதான் கிணத்துக்கு வரும். அதால பக்கத்துக் காணியில தண்ணி நிண்டாலும் உங்கட காணியில நிக்குமெண்டு சொல்லேலாது. வாய்க்காலுக்குக் கிட்டவெண்டால் சிறுபோகத்துக்குத் தண்ணி விடேக்கை கிணறும் ஊறும். தள்ளியெண்டால் ஆவணி, புரட்டாதியில அடி தெரியும். அந்த நேரம் பாத்து ஒருக்கா வந்து, சுத்தியிருக்கிற கிணறெல்லாத்தையும் எட்டிப் பாருங்கோ. தூர்ந்த கிணத்தை இறைச்சுத் துப்புரவாக்கிறதும் அப்பதான். குழாய்க்கிணறு அடிக்கிற யோசனை இருந்தால் தேங்காயைக் கையில வைச்சு நீரோட்டம் பாக்கிறதோட நிக்காமல் நீர்வளச் சபையைக் கொண்டு நிலத்தைச் சோதியுங்கோ. கல்லுக்குள்ள இறங்கித் தண்ணி இல்லையெண்டால் அந்தக் காசு போனதுதான். குடிக்க முதல் தண்ணியைப் பரிசோதிக்கக் குடுங்கோ. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயால சனம் படுற பாட்டைப் பாத்தனாங்கள், சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில இதைத் தள்ளிப்போடக் கூடாது.

தென்னை நடலாம், ஆனால் இந்த வருசம் ஒரு ஏக்கருக்கு வேண்டாம். 26 அடி இடைவெளியில ஏக்கருக்கு 64 பிள்ளை வரும். 3 அடிக் கிடங்கு வெட்டி, அடியில பொச்சுமட்டையை அடுக்கி, மாரி தொடங்க நட்டால் கிளம்பிடும். ஆனால் சோளகக் காத்து எழும்பி மண் காயிற மாசங்களில அந்த 64 க்கும் ஆர் தண்ணி ஊத்துறது? கிணறு ஒரு கோடை தாங்குதோ எண்டு தெரியாமல் நடுறது தென்னம்பிள்ளையளைக் கொல்லுற வேலை. வீட்டடியில பத்து வையுங்கோ. கச்சானும் உழுந்தும் மாரி ஈரத்திலயே வந்திடும், அதால முதல் வருசச் செலவைப் பிடிக்கலாம். கார்த்திகை அடைமழையில குடையோட காணியைச் சுத்தி நடவுங்கோ. எங்கை வெள்ளம் நிக்குதெண்டு பாத்திட்டுத்தான் வீட்டு நிலையத்தை முடிவெடுக்கோணும், பழைய அத்திவாரம் கிடக்கெண்டு அதிலயே கட்டவேணுமெண்டு இல்லை.

யானையைப் பற்றி மற்றாக்களும் சொல்லுங்கோ.

பதில்: நெடுங்கேணி மேற்கு

அக்கா சொன்ன எல்லாத்துக்கும் ஓம். யானை வரும் அண்ணை. தென்னம்பிள்ளையின்ரயும் வாழையின்ரயும் குருத்துத்தான் அதுக்கு விருப்பம், வடலியையும் விடாது. சோலர் வேலி போட்டால் கம்பிக்குக் கீழ புல்லு முட்டவிடாதேங்கோ. முட்டினால் கறண்ட் நிலத்துக்கு இறங்கிடும், பேந்து வேலி சும்மா கம்பிதான். ஆர் சொன்னாலும் வீட்டு லைனில இருந்து நேர கறண்ட் குடுக்காதேங்கோ. அது குற்றம், ஆளும் சாகும் யானையும் சாகும். எல்லைக்குத் தேசி வையுங்கோ, யானை அதைப் பெரிசாத் தொடாது. கிளுவை, சீமைக்கிளுவைக் கதியாலை மழையோட ஊண்டினால் தூண் செலவும் மிச்சம்.

எனக்கெண்டால் தென்னையை விட மரமுந்திரிகை சரியாப் படுது. தண்ணி கேக்காது.

பதில்: சிவப்புத்தடி

நான் கண்ணிவெடி அகற்றுற வேலையில இருந்தனான். ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை எண்டபடியால் எழுதுறன். காணி துப்புரவாக்கி விடுவிச்சது எண்டு கடதாசி இருக்கோ எண்டு விதானையாரிட்டக் கேளுங்கோ. இருந்தாலும் அந்தத் தேடுதல் குறிப்பிட்ட ஒரு ஆழத்துக்குத்தான். கிணத்தைத் தூர்வாரேக்கையும் தென்னங்கிடங்கு வெட்டேக்கையும் அதுக்குக் கீழ போறீங்கள். பழைய கிணறுகளுக்குள்ள என்ன போட்டிருப்பினம் எண்டு தெரியாது. இரும்பா ஏதும் தட்டுப்பட்டால் மண்வெட்டியை அப்பிடியே விட்டிட்டு, வந்த வழியால திரும்பிப் போய், பொலிசுக்கோ விதானையாருக்கோ சொல்லுங்கோ. வெட்டின பத்தையைக் கும்பிச்சு நெருப்பு வைக்காதேங்கோ, கீழ கிடக்கிற ரவையும் குண்டும் வெடிக்கும். உக்கவிட்டால் பசளை. பிள்ளையளுக்கு முதல் நாளே சொல்லிக் குடுங்கோ: நிலத்தில கிடக்கிற ஒண்டையும் எடுக்கக் கூடாது, பழைய இரும்பு பொறுக்கப் போகக் கூடாது.

கொக்குவில்தோட்டம்

எல்லாருக்கும் பெரிய நன்றி. நெருப்பு வைக்கிற எண்ணத்திலதான் இருந்தனான், அதை விட்டிட்டன். அடுத்த கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏஜிஏ கந்தோருக்குப் போறன். அக்கா, இன்னும் ஒண்டு. தையில பள்ளிக்கூடம் தொடங்கிடும், வீடு அதுக்குள்ள எழும்பாது. காணியில கொட்டில் போட்டு இருக்கலாமோ, வெளியில வாடகைக்கு எடுக்கிறதோ?

இடதுகரை

முதல் வருசம் சந்தியடியில வாடகைக்கு இருங்கோ தம்பி. உங்கட மனிசி பள்ளிக்கூடம் போய்வரச் சுகம், பிள்ளையள் இரவில பயமில்லாமல் படுப்பினம். பத்தை வெட்டின புதுக்காணியில நாகமும் புடையனும் இடம் மாறித் திரியும், கொட்டிலில நிலத்தில பாய் போட்டுப் படுக்கிறது சரிவராது. நீங்கள் மட்டும் கச்சான் காவலுக்கு உயரமாப் பரண் கட்டி நில்லுங்கோ, காலுக்குச் சப்பாத்து, கையில நல்ல ரோச் லைற். ஏஜிஏ கந்தோருக்குப் புதன்கிழமையில போங்கோ, பொதுசன நாள், காணிக் கிளை ஆக்கள் கதிரையில இருப்பினம். அம்மாவின்ர பிறப்புப் பத்திரத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கோ. அது இல்லாமல் அம்மப்பாவுக்கு மகள் எண்டு காட்டேலாது.