கோவில்பட்டியில் இன்னொரு விருது வேண்டுமா?

கரிசல்வாசகன்

விஷயம் இதுதான். வாசக நண்பர்கள் சிலர் சேர்ந்து கோவில்பட்டியில் ஆண்டுக்கு ஒரு இலக்கிய விருது கொடுக்கலாம் என்று பேசி வருகிறோம். இதுவரை 60,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. முதல் புத்தகம் போட்ட ஒருவருக்கு 25,000 ரூபாய், கேடயம், சால்வை, மண்டபம் பிடித்து ஒரு விழா. நானும் காசு போட்டவன்தான். ஆனால் போன ஞாயிறு கூட்டத்தில் வேண்டாம் என்று சொன்னவன் நான் ஒருவன்தான். அங்கே கோர்வையாகப் பேச வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம் வட்டாரத்தில் விருதுக்குப் பஞ்சமே இல்லை. இடைசெவல் என்கிற ஒரே கிராமத்துக்கு இரண்டு சாகித்திய அகாதமி: கு. அழகிரிசாமிக்கு 1970இல், கி. ராஜநாராயணனுக்கு (கி.ரா.) 1991இல். அப்புறம் பூமணிக்கு 2014, சோ. தர்மனுக்கு 2019. உதயசங்கருக்கு 2023இல் சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார். கவிஞர் தேவதச்சனுக்கு 2015இல் விஷ்ணுபுரம் விருது. பெரிய நகரங்கள் பலவற்றுக்கே இப்படி ஒரு பட்டியல் வாய்க்கவில்லை.

போன மாதம் டவுனில் மூன்று கடை ஏறி இறங்கி பூமணியின் ‘பிறகு’ நாவலைக் கேட்டேன். இல்லை. கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ கேட்டேன். அதுவும் இல்லை. பாட கைடும் போட்டித் தேர்வுப் புத்தகமும் கூரை வரை அடுக்கியிருந்தன. கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை, கேட்டு வருகிற ஆள் இல்லாத சரக்கை யார் வாங்கி வைப்பார்கள்? ஆறு பேர் விருது வாங்கியும் உள்ளூரில் வாசகன் உண்டாகவில்லை என்றால், ஏழாவதாக நாம் கொடுக்கும் கேடயம் என்ன செய்துவிடும்? அந்தக் காசுக்கு இவர்கள் புத்தகங்களை வாங்கி, சுற்றியுள்ள பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் கொடுப்போம். மாதம் ஒரு புத்தகம் எடுத்து உட்கார்ந்து பேசுவோம்.

மேற்குக்காற்று

அண்ணாச்சி, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. முடிவைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் அடுக்கிய விருதுகள் எப்போது வந்தன என்று பாருங்கள். கி.ரா.வின் முதல் கதை ‘சரஸ்வதி’ இதழில் வந்தது 1958. அகாதமி விருது 33 ஆண்டு கழித்து. பூமணியின் முதல் நாவல் 1979. விருது வர 35 ஆண்டு. தர்மனின் ‘தூர்வை’ நாவல் 1996. அவருக்கு 23 ஆண்டு. அழகிரிசாமி கதை இதைவிடக் கொடுமை. அவர் 1970 ஜூலையில் 46 வயதில் போய்விட்டார், விருது அதற்கப்புறம்தான் அறிவிக்கப்பட்டது. அன்றைக்கு அதன் தொகை 5,000 ரூபாய். வாழ்நாள் முழுக்க வேலைக்கும் எழுத்துக்கும் நடுவே அல்லாடிய மனிதருக்கு அந்த 5,000 பத்து வருடம் முன்னால் கிடைத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்?

அகாதமியின் விதியே அப்படி. அது குறிப்பிட்ட சில ஆண்டுகளில் வெளியான ஒரு புத்தகத்துக்குக் கொடுப்பது. 2019க்கு 2013 முதல் 2017 வரை வெளியானவற்றைத்தான் பார்த்தார்கள். ஒரு நல்ல புத்தகம் அந்தச் சில வருடத்தில் கண்ணில் படாமல் போனால் போனதுதான். பூமணியின் ‘வெக்கை’க்குக் கிடைக்கவில்லை, தர்மனின் ‘கூகை’க்குக் கிடைக்கவில்லை.

வாசகர்கள் கொடுக்கும் விருது முந்திக்கொள்ளும். கோவையில் விஷ்ணுபுரம் விருது 2010இல் தொடங்கியது. முதல் விருது ஆ. மாதவனுக்கு. அகாதமி அவரிடம் வந்தது 2015இல். 2011இல் பூமணிக்குக் கொடுத்தார்கள், அகாதமி 2014இல் வந்தது. வாசகர்கள் கைக்காசு போட்டு நடத்துகிற விருதால் இது முடிந்திருக்கிறது. அதுவும் மூத்தவர்களுக்குத்தான். நாம் கொடுக்கப்போவது முதல் புத்தகம் போட்டவருக்கு. எழுதலாமா, விட்டுவிடலாமா என்று ஒருவன் தடுமாறுகிற நேரத்தில் ‘படித்தோம், நன்றாக இருக்கிறது, எழுது’ என்று ஊரே சொல்கிற மாதிரி.

ஈரமண்

நான் முதல் புத்தகம் போட்டவன். கவிதைத் தொகுப்பு. அதனால் நானும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

புத்தகம் வந்து நாலு மாதத்தில் வெளியூர் அமைப்பு ஒன்றிலிருந்து போன் வந்தது. உங்கள் தொகுப்பு விருதுக்குத் தேர்வாகியிருக்கிறது என்றார்கள். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் மறுபடி போன்: விழாச் செலவுக்கு 3,000 ரூபாய் அனுப்ப வேண்டும். அனுப்பினேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் என்னோடு சேர்த்து நாற்பதுக்கு மேல் ஆட்கள். பேரை வாசிக்க, ஏற, வாங்க, போட்டோ, இறங்க. என் புத்தகத்தின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா கேடயத்தை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தார். பெயர் ஒட்டிய ஸ்டிக்கரின் ஓரம் பிரிந்து வந்தது. அதற்கடியில் இன்னொரு ஸ்டிக்கர், வேறு யாரோ ஒருவர் பெயர். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. நான் ஓரத்தை அழுத்தி ஒட்டிவிட்டேன்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் ஒரு வரி எழுதவில்லை. விருது எழுத்தாளனைத் தாங்கும் என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

மேற்குக்காற்று

தம்பி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனால் அது விருதே இல்லை, வியாபாரம். கள்ள நோட்டு அடிக்கிறார்கள் என்பதற்காகப் பணமே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நீங்கள் சொன்னதை வைத்தே விதி போடுவோம். எழுத்தாளரிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருவருக்கு மேல் கிடையாது. நடுவர் மூன்று பேர் பெயரும் முன்கூட்டியே வெளியாக வேண்டும். ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று இரண்டு பக்கமாவது அவர்கள் எழுதித்தர வேண்டும்.

கரிசல்வாசகன்

நடுவர் என்றதும்தான் என் பெரிய பயமே வருகிறது. நம் ஊர் சின்ன ஊர். எழுதுகிறவன், விமர்சனம் செய்கிறவன், புத்தகம் போடுகிறவன் எல்லாரும் ஒரே டீக்கடை. மூன்றாம் வருடமே ‘அவன் ஆளுக்குக் கொடுத்தான், இவன் சாதிக்காரனுக்குக் கொடுத்தான்’ என்று பேச்சு கிளம்பும். பாதி பொய்யாக இருக்கும், பாதி உண்மையாகவும் இருக்கும். இப்போது ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற பத்துப் பேரும் அதில் பிரிந்துபோவார்கள். இந்தப் பத்துப் பேர்தான் எனக்குப் பெரிய சொத்து.

தாள்மை

சின்னப் பதிப்பாளர் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன்.

அகாதமி விருது பெரும்பாலும் டிசம்பரில் அறிவிப்பார்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதனால் அந்தப் புத்தகம் உடனே மறுபதிப்புப் போகும், ஸ்டாலில் முன்வரிசையில் நிற்கும். இது உண்மையான பலன், மறுக்கக் கூடாது. இதைவிட்டால் மற்ற விருதுகளால் விற்பனை பெரிதாக ஏறி நான் பார்த்ததில்லை.

முன்பு அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணையை நம்பி ஆயிரம் பிரதி அடித்தோம். இன்று புதியவரின் கவிதை என்றால் நூறு, கதை என்றால் இருநூறு, முந்நூறு. காட்சியில் வாசகருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. கடைக்காரருக்குக் கழிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேலே. முந்நூறும் விற்றுத் தீர்ந்தால்கூட எழுத்தாளர் கையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் சேராது.

அதனால் ஒரு யோசனை. விருது கொடுங்கள். 25,000த்தில் கிட்டத்தட்டப் பாதியைப் பணமாகக் கொடுங்கள். மீதிக்கு அந்தப் புத்தகத்தில் நூறு பிரதி வாங்குங்கள். 200 ரூபாய்ப் புத்தகத்தை 130க்கு நான் தருவேன், 13,000 ஆகும். நூறையும் கரிசல்வாசகன் சொல்கிற பள்ளிகளுக்கே கொடுங்கள். சால்வையை விட்டுவிடலாம், அது யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

கண்மாய்க்கரை

அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பள்ளிக்கு இலவசமாகப் புத்தகம் வந்தால் என்ன ஆகும் என்று நேரில் தெரியும் என்பதால் எழுதுகிறேன். பீரோவுக்குள் போகும். சாவி ஒருவரிடம் இருக்கும். ஆண்டாய்வின்போது இருப்பு சரிபார்ப்பார்கள். ஒரு புத்தகம் குறைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்திலேயே பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. ஆகவே கரிசல்வாசகன் ஐயா, புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டால் வாசகன் வந்துவிடுவான் என்பதும் நம்பிக்கைதான்.

எங்கள் பள்ளிக்கு உருளைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வருகிறான். ஒன்பதாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிப்பவன்தான். ஒரு நாள் என் பையிலிருந்த சோ. தர்மனின் ‘சூல்’ நாவலை எடுத்து, உருளைக்குடிக் கண்மாய் வருகிற ஒரு பக்கத்தை வகுப்பில் வாசித்தேன். மடைக்குடும்பன், நீர்ப்பாய்ச்சி என்று கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறவர்களைக் குறிக்கும் சொற்கள் வந்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “எங்க தாத்தாவும் நீர்ப்பாய்ச்சிதான் டீச்சர். இதெல்லாம் புஸ்தகத்துல போடுவாங்களா?” என்று கேட்டான். பீரியட் முடிந்ததும் பின்னாலேயே வந்து புத்தகத்தை வாங்கி, ஊர்ப் பெயர் அச்சில் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். என் பிரதியைக் கொண்டுபோய் ஐந்து வாரம் ஆகிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.

அழகிரிசாமிக்கு அகாதமி விருது வாங்கித் தந்த தொகுப்பின் தலைப்புக் கதை ‘அன்பளிப்பு’. புத்தகம் கேட்டு வீட்டை முற்றுகையிடும் பிள்ளைகளும், தனக்கு மட்டும் கிடைக்காமல் போன ஒரு பையனும்தான் அந்தக் கதை. நம் வட்டாரத்து முதல் அகாதமி விருதே அப்படிப்பட்ட கதைக்கு வந்திருக்கும்போது, நாம் விருதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது.

மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். அரசு மாவட்டந்தோறும் இதை நடத்துவது நல்ல காரியம். ஆனால் மாலை மேடை முழுக்கப் பட்டிமன்றமும் தொலைக்காட்சி முகங்களும். உள்ளூர் எழுத்தாளர் ஒருவருக்குப் பகலில் ஒரு நேரம் கொடுத்தார்கள், கேட்க இருபது பேர்கூட இல்லை. என் பிள்ளைகள் ஐம்பது ரூபாயைக் கையில் பொத்திக்கொண்டு சுற்றினார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு எழுத்தாளர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் போதும்.

இரவுப்பேச்சு

டீச்சர் சொன்னதுதான் சரி. கோவில்பட்டியில் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் ஒரு கூட்டம் எழுத வந்தது. விருது பார்த்தா வந்தது? தேவதச்சனின் நகைக்கடையில் உட்கார்ந்து பேசிப் பேசியே வந்தது. படித்த புத்தகத்தைச் சொல்ல ஆள் இருந்தது, சொன்னால் சண்டை போட ஆள் இருந்தது. எழுத்தாளர் கோணங்கியின் ‘கல்குதிரை’ சிற்றிதழ் இந்த ஊரிலிருந்துதான் வந்தது. அந்தப் பேச்சை மீண்டும் உண்டாக்குங்கள், மற்றது தன்னால் வரும்.

மேற்குக்காற்று

ஐயா, பேச்சு எழுதத் தூண்டும், சரி. பேச்சு மட்டும் போதாது. பூமணிக்கு அகாதமி விருது வாங்கித் தந்த ‘அஞ்ஞாடி’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் வரை தோண்டி எழுதியது. அந்த ஆராய்ச்சிக்குப் பெங்களூரில் உள்ள ஒரு கலை அறக்கட்டளை நல்கை, அதாவது உதவித்தொகை, கொடுத்தது. எழுதி முடித்த பிறகு அல்ல, முன்னாலேயே. பூமணிக்கே அப்படி ஒரு கை தேவைப்பட்டது. இன்று தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு எழுதும் ஒரு பெண்ணுக்குத் தேவைப்படாதா? விருது என்கிற பெயர் பிடிக்கவில்லையென்றால் நல்கை என்று வையுங்கள். நல்ல கையெழுத்துப் பிரதி ஒன்றுக்கு 25,000 கொடுப்போம், தாள்மை அச்சிடட்டும். காசு எழுத்தாளர் கைக்குப் போக வேண்டும் என்பதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். ஊருக்கு நல்லது செய்ய எழுத்தாளனின் பங்கைத்தான் எல்லாரும் முதலில் வெட்டுகிறார்கள்.

ஈரமண்

நல்கை என்றால் நான் ஆதரவு. அம்மாவை அழைத்துப்போய் மேடையில் நிற்க வேண்டியதில்லை.

கரிசல்வாசகன்

பீரோ விஷயம் எனக்குத் தெரியாது டீச்சர். அந்த இடத்தில் என் கணக்கு தப்பு. நல்கை, நூறு பிரதி இரண்டையும் ஞாயிறு கூட்டத்தில் நானே எடுத்து வைக்கிறேன். நடுவர் பற்றிய பயம் அப்படியேதான் இருக்கிறது. மேற்குக்காற்றோடு அதில் நேரிலும் சண்டை போடுவேன். கேடயத்துக்கும் மண்டபத்துக்கும் என் காசிலிருந்து ஒரு ரூபாய் போகக் கூடாது, இதையும் எழுதிவிடுகிறேன்.

கண்மாய்க்கரை

அந்தப் பையனைக் கூட்டத்துக்கு அழைத்து வரலாமா? அவன் வீட்டில் கேட்டுவிட்டேன், அனுப்புகிறார்கள். அவன் ஊருக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. கூட்டத்தை ஆறு மணிக்கு வைக்காமல் மூன்று மணிக்கு வையுங்கள். ‘அன்பளிப்பு’ யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள், என்னிடம் இருந்ததும் ஒரு பிள்ளையிடம் போய்விட்டது.